அரவான் பெயரில் ஏன் ஓர் ஆயுதம் இல்லை?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிப்பதற்கு ஏற்ற மாதிரி சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த முறை சென்னையில இருந்து பேசல. சின்னசேலம் பக்கத்துல எங்க ஊருக்கு வந்திருக்கேன். சித்திரை மாசம், திரௌபதி அம்மன் கோயில்ல திருவிழா. ஆடியோ கேட்கிறவங்களுக்குப் பின்னாடி ஒலிபெருக்கி சத்தம் வரும், பொறுத்துக்கோங்க. படிக்கிறவங்க தப்பிச்சீங்க.

நிறைய பேர் கேட்டிருந்த ஒரு கேள்விக்குத்தான் இந்த எபிசோடு. அமெரிக்காவுல ராணுவத்துக்கும் உளவுத்துறைக்கும் சாஃப்ட்வேர் செய்யற கம்பெனிகள் ஏன் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'ல இருந்தே பேர் எடுக்கறாங்க? பாலன்டீர், ஆண்டூரில், மித்ரில் எல்லாம் அங்கிருந்து வந்ததுதான். கேட்டவங்கள்ல ஒருத்தர் கடைசியா ஒரு வரி சேர்த்திருந்தார்: "நல்லவேளை, நம்ம ஊர்ல இந்த விளையாட்டு இல்ல."

இருக்கு சார். அவங்க ஆரம்பிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே நாம ஆரம்பிச்சிட்டோம்.

நான் வாழ்க்கையில பார்த்த முதல் ஆயுத ஒப்பந்தம் ஒரு மரத்து உச்சியில நடந்தது. கோயிலுக்கு முன்னால உயரமா ஒரு தபசு மரம் நட்டிருப்பாங்க. அர்ச்சுனன் வேஷம் கட்டினவர் படிப்படியா பாடிக்கிட்டே ஏறுவார். சிவபெருமான்கிட்ட பாசுபத அஸ்திரம் வாங்கறதுக்கான தபசு. மேற்கே கல்வராயன் மலை, நடுவுல அந்த மரம், மேலே போகப்போக சின்னதாகிற மனுஷன். கீழே ஈரப் புடவையோட குழந்தை வரம் கேட்கிற பெண்கள் காத்திருப்பாங்க. உச்சியில இருந்து அவர் எலுமிச்சம்பழமும் பூவும் வீசுவார், அவங்க மடியில ஏந்துவாங்க. உலகத்தையே அழிக்கிற ஆயுதத்தை வாங்கப் போனவர்கிட்ட இருந்து கீழே வந்து சேர்றது பிள்ளை வரம். சின்ன வயசுல இது எனக்கு விசித்திரமாவே படல.

இன்னொன்றும் அப்போது சாதாரணமாகவே இருந்தது. பாசுபதம் சும்மா கிடைக்கவில்லை, நிபந்தனையோடு கிடைத்தது. தகுந்த காரணம் இல்லாமல் ஏவக்கூடாது. வலு குறைந்தவன் மேல் ஏவக்கூடாது. மீறினால் எதிரியோடு சேர்த்து உலகமும் போய்விடும். இன்றைய மொழியில் சொன்னால் ஆயுதமும் அதன் லைசென்ஸும் ஒரே பார்சலில் வந்தன.

பாரதத்தில வர்ற ஆயுதங்களை எல்லாம் ஒரு தடவை மனசுல ஓட்டிப் பாருங்க. கர்ணனுக்கு பரசுராமர் கத்துக்கொடுத்த மந்திரம், முக்கியமான நேரத்துல மறந்துபோகும். அது சாபம். நம்ம பக்கத்துக் கதையில நாகாஸ்திரத்தை ஒரு தடவைக்கு மேல விடமாட்டேன்னு குந்திக்கு சத்தியம் பண்ணிக் கொடுக்கிறான். 1964ல வந்த சிவாஜியோட 'கர்ணன்' படத்தைப் பார்த்தவங்களுக்கு இது தனியா சொல்ல வேண்டியதில்ல. போர் முடிஞ்ச பிறகு அசுவத்தாமன் பிரம்மாஸ்திரத்தை விடறான், பதிலுக்கு அர்ச்சுனனும் விடறான். முனிவர்கள் நடுவுல வந்து திரும்ப எடுங்கன்னு சொல்லும்போது அர்ச்சுனனால எடுக்க முடியுது, அசுவத்தாமனால முடியல. ஏவத் தெரியும், திரும்ப அழைக்கத் தெரியாது. அது போய் உத்தரையோட வயித்துல இருக்கிற குழந்தையைத் தேடுது.

இந்தக் கதைகளில் ஆயுதத்தின் சக்தியைவிட அதன் நிபந்தனைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கூத்தில் விடிய விடிய உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். அம்பு விடுகிற காட்சி இரண்டு நிமிடம். விடலாமா என்கிற பேச்சு ஒரு மணி நேரம்.

இப்போது ஆவடிக்கு வருவோம். அங்குள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த டாங்கிக்கு அர்ஜுன் என்று பெயர். 1974ல் அனுமதி கிடைத்த திட்டம், படைக்குள் வர முப்பது வருடம் ஆனது. அதே ஆவடியில் ரஷ்ய உரிமத்தோடு தயாராகும் டி-90 டாங்கிக்கு நாம் வைத்த பெயர் பீஷ்மா. 2010ல் இந்த இரண்டையும் ராஜஸ்தான் பாலைவனத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டுப் போட்டி வைத்தார்கள். அர்ஜுன் நன்றாகவே செய்தது என்றுதான் அப்போது செய்திகள் வந்தன. ஆனால் எண்ணிக்கையில் ஜெயித்தது பீஷ்மர். டி-90 ஆயிரத்துக்கும் மேல், அர்ஜுன் முதல் வகை 124, பிறகு 2021ல் 118 புதிய வகைக்கு ஆர்டர். வியாசர் எழுதின முடிவு வேற, பாதுகாப்பு அமைச்சகம் எழுதின முடிவு வேற.

சும்மா சிரிக்கறதுக்காக மட்டும் இதைச் சொல்லல. பீஷ்மர்னு சொன்னா நம்ம ஊர்ல ஒரு பாட்டிக்கு முதல்ல ஞாபகம் வர்றது என்ன? சிகண்டி எதிர்ல வந்தா வில்லைக் கீழே வெச்சிடுவார்ங்கறதுதான். அவரோட பலம் பாதி, இவங்க மேல அம்பு விடமாட்டேன்ங்கற பிடிவாதம் பாதி. டாங்கிக்குப் பேர் வெச்சப்போ முதல் பாதியை மட்டும் எடுத்துக்கிட்டாங்க.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு தொடக்க வருடம் சொல்லச் சொன்னால் நான் 1983 என்று சொல்வேன். ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம் ஹைதராபாத்தில் ஏவுகணை ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தபோது ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. அதில் ஐந்து பெயர்கள்: பிருத்வி, திரிசூல், ஆகாஷ், நாக், அக்னி. மண், வானம், நெருப்பு, ஒரு பாம்பு, சிவன் கையில் இருக்கும் சூலம். பஞ்சபூதத்தில் மூன்று இருக்கிறது. 1988 பிப்ரவரியில் பிருத்வி பறந்தது, 1989 மே மாதத்தில் அக்னி.

பிருத்வின்னா பூமி. அவ்வளவுதான். ஆனா எல்லைக்கு அந்தப் பக்கம் அது வேற மாதிரி கேட்டிருக்கு: பிருத்விராஜ் சௌகான். டெல்லி ராஜா. 1998 ஏப்ரல் 6ஆம் தேதி பாகிஸ்தான் ஒரு ஏவுகணையைச் சோதிச்சது, பேரு கோரி. 1192ல தராயின் போர்ல பிருத்விராஜைத் தோற்கடிச்ச முகமது கோரி. அப்புறம் கஜ்னவி, அப்தாலி, பாபர்னு வரிசையா வந்தாங்க. நாம பூமின்னு வெச்ச பேருக்கு, எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்த சண்டையில இருந்து பதில். அடுத்த மாசமே பொக்ரான். பேரை வெச்சவர் மனசுல இருக்கிற அர்த்தம் பேரோட கூடவே போறதில்ல. வேரியபிளுக்குப் பேர் வெச்சுட்டு வேலையை விட்டுப் போனவங்க கோடைத் தொட்ட எல்லாருக்கும் இது தெரியும்.

அதோ தெரியுதே, கல்வராயன் மலை. அங்க இருக்கிற பழங்குடி மக்களுக்கு மலையாளின்னு பேரு. காஞ்சிபுரத்துல இருந்து அண்ணன் தம்பிகளா கிளம்பி வந்து ஆளுக்கொரு மலைன்னு குடியேறினோம்ங்கறது அவங்க சொல்ற கதை. பேசறது தமிழ். மலையை ஆள்பவங்க, அதனால மலையாளி. நான் காலேஜ்ல இதைச் சொன்னப்போ கொச்சியில இருந்து வந்த பையன் ரொம்ப சந்தோஷமா "எந்த டிஸ்ட்ரிக்ட்?"னு மலையாளத்துல கேட்டான். எங்க தொழில்ல இதை நேம்ஸ்பேஸ் மோதல்னு சொல்வோம்.

அந்த மோதல் நம்ம பாதுகாப்புத்துறையில தாராளமா நடக்குது. நேத்ரான்னு ஒரு வான்வழி எச்சரிக்கை விமானம் இருக்கு, 2017ல விமானப்படைக்கு வந்தது. நேத்ரான்னே ஒரு சின்ன ட்ரோன். அதே பேர்ல இணையப் போக்குவரத்தை அலசறதுக்கு பெங்களூர்ல உருவாக்கின ஒரு மென்பொருளும் உண்டு. மூணு கண்ணு. சிவன் கணக்கு சரியாத்தான் வருது.

(பெயர் பலிக்கும் என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். 1980களின் கடைசியில் தொடங்கிய போர் விமான எஞ்சின் திட்டத்துக்குக் காவிரி என்று பெயர் வைத்தார்கள். வரும், வரும் என்று இன்றுவரை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.)

பிரம்மோஸ் உண்மையில் புராணப் பெயரே கிடையாது. பிரம்மபுத்திரா நதியும் மாஸ்கோ நதியும் சேர்ந்த சுருக்கம், இந்தியா–ரஷ்யா கூட்டு. ஆனால் இங்கே யாருக்கும் நதி கேட்பதில்லை, பிரம்மாஸ்திரம்தான் கேட்கிறது. 2022 மார்ச் 9ஆம் தேதி அந்த ஏவுகணையில் ஒன்று தவறுதலாகக் கிளம்பிவிட்டது. போர் இல்லை, உத்தரவு இல்லை. பாகிஸ்தானுக்குள் மியான் சன்னு என்ற ஊருக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. யாரும் சாகவில்லை. விசாரணை நடந்து, வகுத்த நடைமுறையைப் பின்பற்றவில்லை என்று மூன்று விமானப்படை அதிகாரிகளை ஆகஸ்டில் பணிநீக்கம் செய்தார்கள். இரண்டு அணு ஆயுத நாடுகளுக்கு நடுவே, கிளம்பியதைத் திரும்ப அழைக்க முடியாத சில நிமிடங்கள். அசுவத்தாமன் கதையை நான் முழுசாகப் புரிந்துகொண்டது கூத்தில் இல்லை, அந்த வாரத்துச் செய்தித்தாளில்.

இதற்கு நேர் எதிரான ஒரு உதாரணத்தையும் சொல்லியாகணும், இல்லைன்னா நான் நியாயமா பேசினதாகாது. நாக்பூர்ல இருக்கிற சோலார் இண்டஸ்ட்ரீஸோட துணை நிறுவனம் ஒரு தற்கொலை ட்ரோன் செஞ்சிருக்கு. இலக்கு மேல வட்டமடிச்சு, நேரம் பார்த்து விழுந்து வெடிக்கிற வகை. ராணுவம் 480 ஆர்டர் பண்ணி, முதல் 120 வந்தது 2024 ஜூன்ல. பேரு நாகாஸ்திரா-1. கர்ணன் விட்ட நாகாஸ்திரம் குறி தவறி, கிரீடத்தை மட்டும் தட்டிட்டுத் திரும்பி வந்து "இன்னொரு தடவை விடு"ன்னு கேட்கும். கர்ணன் மாட்டேன்னுடுவான். இந்த நாகாஸ்திராவுல, தாக்குதல் வேண்டாம்னு முடிவு பண்ணா, ட்ரோனைத் திரும்ப வரவெச்சு பாராசூட்ல இறக்கலாம், மறுபடி பயன்படுத்தலாம். அதாவது கதையில இல்லாத "திரும்பி வா"வை ஒரு இன்ஜினியர் எழுதியிருக்கார். அந்த ஃபங்க்ஷனை எழுதினவரை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா திரும்ப அழைக்கணுமாங்கற கேள்வியை யார் கேட்பாங்க, எந்த சட்டத்துக்குக் கட்டுப்பட்டுக் கேட்பாங்கங்கறது பாராசூட்ல இல்ல.

சரி, அமெரிக்காவுக்குப் போவோம்.

பாலன்டீர் தொடங்கியது 2003. பீட்டர் தீல், அலெக்ஸ் கார்ப் இன்னும் சிலர் சேர்ந்து ஆரம்பித்தது. சி.ஐ.ஏ. தொடர்புள்ள இன்-க்யூ-டெல் ஆரம்பத்திலேயே பணம் போட்டது. வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் தகவல்களை ஒரே திரையில் இணைத்துக் காட்டுவதுதான் அவர்கள் தொழில். டோல்கீன் கதையில் பாலன்டீர் என்பது தொலைவில் நடப்பதைக் காட்டும் ஒரு கல் உருண்டை. ஆண்டூரில் 2017ல் வந்தது. விர்ச்சுவல் ரியாலிட்டி கண்ணாடி செய்து, ஃபேஸ்புக்குக்கு விற்றுப் பணக்காரரான பால்மர் லக்கி, சிலரோடு சேர்ந்து தொடங்கிய ஆயுத நிறுவனம். உடைந்த வாளைத் திரும்ப உருக்கிச் செய்த அரசனின் வாளுக்கு அந்தப் பெயர். தீல் சார்ந்த முதலீட்டு நிறுவனங்களுக்கு மித்ரில், வாலார். 2025ல் லக்கியும் பாலன்டீரைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜோ லான்ஸ்டேலும் சேர்ந்து ஒரு வங்கிக்கு எரெபோர் என்று பெயர் வைத்தார்கள். புத்தகத்தில் எரெபோர் என்பது ஒரு டிராகன் தங்கத்தின் மேல் படுத்துக்கிடக்கும் மலை. அந்தத் தங்கத்தைத் திரும்பப் பெற்ற குள்ளர்களின் அரசனுக்கு அதன் மேலேயே பித்துப் பிடிக்கும். வங்கிக்குப் போய் அந்தப் பேரு! படிச்சுட்டுத்தான் வெச்சாங்களான்னு கேட்கத் தோணுது.

படிச்சிருக்காங்க. அதுதான் சங்கடம். இவங்க எல்லாம் அந்தப் புத்தகத்தை உருகி உருகிப் படிச்ச ஆளுங்க. பாலன்டீரோட பாலோ ஆல்டோ ஆபீஸுக்கே ஷையர்னு பேர் வெச்சிருந்தாங்க. ஷையர்ங்கறது உலக நடப்பு எதுவும் தெரியாம நிம்மதியா சாப்பிட்டுத் தூங்கற குள்ளமான மனுஷங்களோட கிராமம்.

டோல்கீன் யார் என்பதையும் கொஞ்சம் நினைவில் வையுங்கள். 1916ல் சோம் போர்க்களத்தில் இருந்தவர். கூடப் படித்த நெருங்கிய நண்பர்கள் இரண்டு பேரை அந்த வருடமே இழந்தவர். 1945 ஆகஸ்டில் அணுகுண்டுச் செய்தி வந்தபோது, அதைச் செய்த விஞ்ஞானிகள் மீது கடும் ஆத்திரத்தோடு மகனுக்குக் கடிதம் எழுதியவர். மோதிரக் கதை வெளிவந்தது 1954, 55ல். கையில் இருக்கும் மிகப்பெரிய ஆயுதத்தை எப்படி யாருமே பயன்படுத்தாமல் அழிப்பது என்பதுதான் அந்தக் கதையின் மொத்த வேலையும்.

அவர் எழுதின அந்தக் கல்லு என்ன பண்ணுது? பொய் காட்டாது. இதை நிறைய பேர் கவனிக்கறதில்ல. எதிரிக்காரன் சௌரானால கல்லைப் பொய் சொல்ல வைக்க முடியாது, எதைக் காட்டணும்னு தேர்ந்தெடுக்க மட்டும்தான் முடியும். டெனெதோர்னு ஒரு ஆட்சியாளர் கல்லுக்குள்ள பார்க்கறார், கருப்புப் பாய்மரக் கப்பல்கள் தன் ஊரை நோக்கி வருது. உண்மையான கப்பல்கள், உண்மையான நதி. ஆனா அதுல வர்றது அவருக்கு உதவி செய்யற படை. எதிரின்னு நினைச்சு நம்பிக்கை இழந்து, கல்லைக் கையில பிடிச்சுக்கிட்டே தீயில படுத்துடறார். டேட்டா நூத்துக்கு நூறு சரி, முடிவு நூத்துக்கு நூறு தப்பு. டேஷ்போர்டு செய்யறவங்களுக்கு இதைவிட நல்ல பக் ரிப்போர்ட் யாரும் எழுதினதில்ல.

இப்ப நம்ம ஊர் பாலன்டீருக்கு வர்றேன். 2025 ஜனவரி 24. டெல்லியில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் கொடியசைத்துத் தொடங்கி வைத்த போர்க்களக் கண்காணிப்பு அமைப்பு. தரையில் இருக்கும் சென்சார், வானத்தில் இருக்கும் சென்சார் எல்லாவற்றிலிருந்தும் வரும் தகவலை இணைத்துத் தளபதிக்கு ஒரே படமாகக் காட்டும். ராணுவமும் பாரத் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்து செய்தது, 2,402 கோடி ரூபாய்த் திட்டம். பெயர்: சஞ்சய்.

பொருத்தமான பெயர்தான், குறையே சொல்ல முடியாது. வியாசர் கொடுத்த ஞானக்கண்ணால் குருட்சேத்திரத்தை அரண்மனையில் உட்கார்ந்தபடி பார்த்துச் சொன்னவன் சஞ்சயன். உலகத்தின் முதல் நேரலை என்று நாமே ஜோக் அடிப்போம். ஆனால் அந்த நேரலையின் ஒரே நேயர் யார்? திருதராட்டிரன். பதினெட்டு நாளும் துல்லியமான தகவல் வந்தது. நூறு பிள்ளைகளும் போனார்கள். சஞ்சயன் ஒரு இடத்தில்கூடப் பொய் சொல்லவில்லை. ராஜாவுக்குப் பார்வை இல்லை என்பது அங்கே பிரச்சினையே இல்லை. போரை நிறுத்த முடிந்த காலத்தில் அவர் பேசவில்லை என்பதுதான் பிரச்சினை.

கள்ளக்குறிச்சிக்காரனா இந்த இடத்தில் ஒண்ணு சொல்லாம என்னால தாண்ட முடியல. 2024 ஜூன்ல கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு அறுபது பேருக்கு மேல செத்தாங்க. கருணாபுரம் மலையில இல்ல, காட்டுல இல்ல. நகரத்துக்குள்ள இருக்கு. யாருக்கும் தெரியாம இருந்த விஷயமா அது? பார்க்கறதுக்குக் கண்ணு போதலைன்னு யாராவது சொன்னா எங்க ஊர்ல சிரிப்பாங்க. அதுக்கப்புறம்தான் எல்லார் பார்வையும் மலை மேல போச்சு, ஊறலை அழிக்கப் போனாங்க. கல்வராயன் மலை மக்கள் என்ன நிலைமையில வாழறாங்கன்னு சென்னை உயர் நீதிமன்றம் தானா முன்வந்து வழக்கு எடுத்ததும் அந்த வருஷம்தான். 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில இருந்த மலை அது. ரோடும் ஆஸ்பத்திரியும் இல்லைங்கறதைக் கண்டுபிடிக்க ஞானக்கண் எதுவும் தேவைப்படல.

சஞ்சயன் பத்தி இவ்வளவு சூடா பேசறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. நானும் ஒரு சஞ்சயனுக்குப் பேர் வெச்சிருக்கேன்.

நான் வேலை பார்க்கிற இடத்துல வாடிக்கையாளர் சேவைக் குழுவுக்கு ஒரு டேஷ்போர்டு செஞ்சோம். எத்தனை அழைப்பு வரிசையில நிக்குது, எது ரொம்ப நேரமா காத்திருக்குன்னு காட்டறது. பேர் என்ன வைக்கலாம்னு கேட்டாங்க, நான் பெருமையா சஞ்சயன்னு சொன்னேன். கை தட்டினாங்க. ஆறு மாசம் கழிச்சு அதுல ஒரு காலம் சேர்க்கச் சொன்னாங்க: இருக்கையில் இல்லாத நேரம். ரெண்டு நாள் வேலை, நான்தான் செஞ்சேன். அந்த வருஷக் கடைசியில சிலரை வீட்டுக்கு அனுப்பினப்போ அந்தக் காலத்தை வெச்சு வரிசைப்படுத்தின பட்டியல் ஒண்ணு மேஜைக்குப் போச்சு. அதுல ஒருத்தன் சங்கராபுரம் பக்கத்துப் பையன், நான்தான் அவனை இன்டர்வியூவுக்கு வரச் சொன்னேன். அந்த மாசம் முழுக்க அவங்க அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, படிக்கட்டுல நின்னு ஃபோன் பேசிட்டே இருப்பான். நான் எழுதின கணக்குல எந்தத் தப்பும் இல்ல. அவன் இருக்கையில இல்லைதான்.

கருப்புப் பாய்மரம்.

அன்னிக்கு எனக்குத் தோணினதைச் சொல்றேன். நான் ஏன் சஞ்சயன்னு பேர் வெச்சேன்? கதை தெரியும்ங்கறதைக் காட்டறதுக்கு. அந்தப் பேரைக் கேட்டதும் எல்லாருக்கும் அது நல்ல பொருள்னு தோணிடுச்சு. "ஊழியர் கண்காணிப்பு அட்டவணை"ன்னு வெச்சிருந்தா யாராவது ஒருத்தர் கை தூக்கிக் கேள்வி கேட்டிருப்பாங்க. புராணப் பேரு அந்தக் கையைத் தூக்க விடல. கூத்துல எந்த ராஜா மேடைக்கு வந்தாலும் திரைக்குப் பக்கத்துல கட்டியக்காரன் நிப்பான். நீ யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்திருக்கன்னு கேட்டுக் கேட்டு மானத்தை வாங்குவான். துரியோதனனா இருந்தாலும் அவனுக்குப் பதில் சொல்லிட்டுத்தான் சிம்மாசனம் ஏறணும். எங்க மீட்டிங்ல அப்படி ஒருத்தன் இல்ல.

இந்த எபிசோடுக்காக நம்ம நாட்டு ஆயுதங்கள், போர்க் கருவிகள் பேரை எல்லாம் ஒரு தாள்ல எழுதினேன். வருணாஸ்திரா, பினாகா, ருத்ரா, அஸ்திரா, இந்திரா. பினாகம் சிவன் வில்லு, ராமாயணத்துல கல்யாணத்தன்னிக்கு ராமர் கையில உடைஞ்சதுன்னு சொல்லப்படற வில்லு. அது இப்ப ராக்கெட் லாஞ்சர். எஸ்-400க்கு சுதர்சன். 2025 சுதந்திர தின உரையில சுதர்சன சக்கரம்னு ஒரு முழுத் திட்டமே அறிவிச்சாங்க. அர்ஜுன், பீஷ்மா இருக்காங்க. எழுதிட்டே வரும்போதுதான் ஒரு பேரு இல்லைன்னு உறைச்சது.

அரவான்.

எங்க மாவட்டத்துச் சாமி அவர். கூவாகம் உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இருக்கிறது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த பிறகு கள்ளக்குறிச்சி மாவட்டம். கதை தெரியாதவர்களுக்கு: அர்ச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த மகன். போர் தொடங்கும் முன் ஒரு களப்பலி கொடுத்தால்தான் வெற்றி. முப்பத்திரண்டு லட்சணமும் இருக்கும் ஆள் வேண்டும். பாண்டவர் பக்கம் அப்படி மூன்றே பேர்: கண்ணன், அர்ச்சுனன், அரவான். முதல் இரண்டு பேர் இல்லாமல் போர் நடத்த முடியாது. மூன்றாவது ஆளைக் கேட்கிறார்கள், அவன் சரி என்கிறான். வடமொழி பாரதத்தில் இந்தப் பலி கிடையாது. அங்கே அவன் போருக்கு நடுவே எட்டாம் நாள் சண்டையில் சாகிறான். களப்பலி நம்ம பக்கத்துச் சரக்கு, ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கும் மேலாக இங்கே இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அவன் கேட்கும் வரங்களில் இரண்டு முக்கியம். ஒன்று, சாவதற்கு முன் கல்யாணம். நாளைக்குச் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாக வந்து மணந்து, மறுநாள் விதவையாகிறார். இன்னொன்று, வெட்டின தலையோடு இருந்து போரை முழுசாகப் பார்க்க வேண்டும்.

இங்க கொஞ்சம் நில்லுங்க. போரைப் பார்க்கறதுக்கு நம்ம கதையில ரெண்டு பேருக்கு வரம் கிடைச்சிருக்கு. சஞ்சயன் அரண்மனையில இருந்து ராஜாவுக்காகப் பார்க்கறான். அரவான் போர்க்களத்துலயே இருந்து பார்க்கறான், அந்தப் போருக்காகச் செத்தவன். ஒரு பேரு கண்காணிப்பு அமைப்புக்குப் போயிடுச்சு. இன்னொண்ணை யாரும் தொடல. ஏன்னும் புரியுது. ஜெயிக்கப்போற பக்கமே தன் சொந்தப் பிள்ளையை எடுத்துக் கொடுத்த கணக்கு அந்தப் பேருக்குள்ள இருக்கு. நிபந்தனையை வெட்டிட்டு சக்தியை மட்டும் எடுத்துக்கலாம்னா, அரவான்கிட்ட எடுக்கறதுக்கு வேற எதுவும் இல்ல. அவரே மொத்தமும் நிபந்தனை.

போன வருஷம் கூவாகம் போயிருந்தேன். சித்திரைப் பௌர்ணமி ராத்திரி நாடு முழுக்க இருந்து வந்த திருநங்கைகள் பூசாரி கையால தாலி கட்டிக்கிறாங்க. விடிய விடிய ஆட்டம், கற்பூரம், பூ விக்கிறவங்க குரல். காலையில தேர். அரவான் தேர் நகர்ந்து அழுகளத்துக்குப் போகும்போது சத்தம் மாறுது. தாலியை அறுக்கறாங்க, வளையலை உடைக்கறாங்க, நெத்திப் பொட்டை அழிக்கறாங்க. நான் நின்ன இடத்துக்குப் பக்கத்துல ஒரு அக்கா, நாற்பது வயசு இருக்கும், வெள்ளைப் புடவைக்கு மாறிட்டு கிணத்தடியில உட்கார்ந்திருந்தாங்க. தண்ணி பாட்டில் வேணுமான்னு கேட்டேன், வாங்கிக்கிட்டாங்க. வருஷா வருஷம் வருவீங்களாக்கான்னேன். "செத்தவனுக்கு அழ ஆள் வேணாமாப்பா"ன்னாங்க.

பதினெட்டு அக்குரோணி சேனை செத்த போர் அது. அதுல முதல் ஆளுக்காக இன்னமும் வருஷம் தவறாம ஒப்பாரி வைக்கிற ஊரு எங்க மாவட்டத்துல இருக்கு.

ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள் ஒரு டிக்கெட் போட்டேன்: சஞ்சயன்ங்கற பேரை மாத்தி, அது செய்யற வேலையையே பேரா வைக்கணும்னு. பதினாலு சர்வீஸ்ல அந்தப் பேரு உள்ள எழுதியிருக்கு, எதுக்குத் தேவையில்லாத ரிஸ்க்னு பதில் வந்தது. டிக்கெட் இன்னும் திறந்தேதான் இருக்கு.

மத்தளம் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. இன்னிக்கு ராத்திரி கர்ண மோட்சம். போய் இடம் பிடிக்கணும், பாய் எடுத்துட்டுப் போன சித்தி ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு.